ராக் ஸ்லைடர்: ஜீப்பின் அடிவிளிம்புக் காப்பும் ஒரகடம் வட்டாரத் தொழிலும்

ராக் ஸ்லைடர் என்பது கரடுமுரடான பாதைகளில் ஓடும் வண்டியின் இரு பக்கங்களிலும், கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் பொருத்தப்படும் இரும்புக் குழாய்ச் சட்டம் ஆகும். வண்டி பாறை மேல் ஏறி இறங்கும்போது அதன் அடிவிளிம்பு நசுங்காமல், இந்தச் சட்டம் பாறையில் உரசி வழுக்கிச் செல்கிறது. அதனாலேயே இப்பெயர் வந்தது. உலகின் பல பகுதிகளில் இது முதலில் வண்டி வைத்திருப்போர் தாங்களே வெட்டிப் பற்றவைத்துச் செய்துகொண்ட பொருளாக இருந்தது. பின்னரே கடைச் சரக்காகவும் தொழிற்சாலைப் பொருத்துதலாகவும் மாறியது.

தமிழ்நாட்டில் இதன் வரலாறு மூன்று தொழில்களின் வரலாற்றோடு பின்னியது. ஒன்று ஜீப் ஓட்டம், மற்றொன்று லாரி, பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைத் தொழில், மூன்றாவது திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் 1990களுக்குப் பின் எழுந்த வாகன உற்பத்தி. இன்று இந்தச் சட்டம் பற்றிய பேச்சு பட்டறையோடு நிற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், மோதல் பாதுகாப்பு, கைத்தொழில் அறிவு ஆகிய மூன்றும் அதில் சந்திக்கின்றன.

பெயரும் பொருளும்

காரின் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியை அமெரிக்கர் ராக்கர் பேனல் என்றும், பிரிட்டானியர் சில் என்றும் அழைப்பர். தமிழில் அதை அடிவிளிம்பு எனலாம். கதவு சரியாக மூடுவதும், கூரைத் தூண்கள் நேராக நிற்பதும் இந்தப் பகுதியை நம்பியே உள்ளன. இது ஒருமுறை மேல்நோக்கி நசுங்கிவிட்டால் கதவு சிக்கிக்கொள்ளும். தகட்டைத் தட்டி நேராக்குவதும் கடினமான, செலவு மிகுந்த வேலை.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நன்கு அறியப்பட்டது ஃபுட் ஸ்டெப் அல்லது சைடு ஸ்டெப் எனப்படும் ஏறுபடி. பார்வைக்கு ராக் ஸ்லைடரும் ஏறுபடியும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஏறுபடி ஒரு மனிதரின் எடையைத் தாங்கினால் போதும். ராக் ஸ்லைடர் வண்டியின் எடையில் பெரும்பங்கைத் திடீர் அதிர்ச்சியோடு தாங்க வேண்டும். எனவே ஏறுபடியைத் தகட்டில் போல்ட்டு போட்டுப் பொருத்த முடியும். ராக் ஸ்லைடரை வண்டியின் முதுகெலும்பான சேசிஸில்தான் பொருத்த வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஏறுபடியையே காப்பாக நம்பிப் பாறையில் இறக்கினால், படி மடங்கி அடிவிளிம்பையும் சேர்த்துக் கிழித்துவிடும்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அந்த ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. மட்டுமே. வண்டி குட்டையாக இருந்ததால் மேட்டின் உச்சியில் அதன் வயிறு தட்டுவது குறைவு. கதவும் இல்லாததால், பக்கத் தகடு சற்று நசுங்கினாலும் ஓட்டத்துக்குத் தடை இல்லை. ஆகவே அக்காலத்தில் தனியான பக்கக் காப்புக்குத் தேவை எழவில்லை.

போருக்குப் பின் அமெரிக்காவில் ஜீப் பொழுதுபோக்கு வண்டியாகவும் ஆனது. கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்தில் 1953-இல் ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற கூட்டுப் பயணம் தொடங்கியது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி 1967-இல் தொடங்கியது. இத்தடங்களில் மண்ணை விடப் பாறையே மிகுதி. பின்வந்த வண்டிகள் நீளமாகவும், கதவுகளோடும், மெல்லிய தகட்டோடும் வந்தபோது அடிவிளிம்பே முதலில் சேதமடைந்தது. ஓட்டுநர்கள் பழைய குழாய்களையும் சதுரப் பெட்டிக் கம்பிகளையும் சேசிஸோடு பற்றவைத்துக் காப்புச் சட்டம் செய்துகொண்டனர். பின்னர் சிறு கடைகள் அதை விற்கத் தொடங்கின. 2003-இல் வந்த ஜீப் ராங்லர் ரூபிகான் வகை, அடிவிளிம்புக்கு இரும்புக் காப்புடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. வீட்டுக் கொட்டகையில் பிறந்த ஒரு பொருளை உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியாவில் ஜீப்பும் அதன் நீளமும்

மகிந்திரா நிறுவனம் பம்பாயின் மசகான் பகுதியில் 1949-இல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்துத் தரத் தொடங்கியது. அதன் வழிவந்த வண்டிகள் காவல்துறை, வனத்துறை, வருவாய்த்துறை, தேயிலைத் தோட்டங்கள் எனத் தமிழ்நாடு முழுவதும் பரவின. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லி வழியாகச் செல்லும் கற்பாதையில் இன்றும் ஜீப்புகளே ஓடுகின்றன. இத்தகைய இடங்களில் பாறையில் வண்டி ஓட்டுவது பிழைப்புத் தொழில். வண்டி நசுங்கினால் அடுத்த நாள் வருமானம் போய்விடும்.

1985-இல் மாருதி ஜிப்சி வந்தது. மகிந்திரா தார் 2010-இலும், அதன் புதிய வடிவம் 2020-இலும், ஐந்து கதவு கொண்ட தார் ராக்ஸ் 2024-இலும் வந்தன. 2020-இன் தாருக்கு அச்சிடைத் தூரம் 2,450 மி.மீ. தார் ராக்ஸுக்கு அது 2,850 மி.மீ. போர்க்கால ஜீப்போடு ஒப்பிட்டால் 800 மி.மீ.க்கும் அதிகமான வளர்ச்சி. தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி ஒரே உயரத்தில் இருந்தாலும், அச்சிடைத் தூரம் கூடக் கூட மேட்டின் உச்சியில் நடுப்பகுதி தட்டும் வாய்ப்பு கூடும். வண்டி நீண்டதும் கதவுகள் கூடியதுமே இந்தியாவில் ராக் ஸ்லைடருக்கான தேவையை உருவாக்கிய அடிப்படைக் காரணங்கள்.

கூண்டு கட்டும் மரபு

வண்டியில் இரும்பு வேலை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நாமக்கல், திருச்செங்கோடு பகுதியில் லாரிக் கூண்டு கட்டும் தொழிலும், கரூரில் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலும் நெடுங்காலமாக வேரூன்றியவை. உற்பத்தியாளர் எஞ்சினும் சக்கரமும் கொண்ட வெறும் சேசிஸை விற்பார். அதன் மேல் கூண்டைக் கட்டித் தருவது பட்டறையின் வேலை. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகள் நிறைந்த சந்தை, பழுது பார்ப்போருக்கும் மாற்றம் செய்வோருக்கும் நெடுநாள் ஆதாரமாக இருந்துவருகிறது.

இந்தத் தொழிலாளர்கள் அனுபவத்தில் கற்ற ஒரு விதி உண்டு. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் கண்ட இடத்தில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் பாரம் ஏறும்போது அந்த இடத்திலிருந்தே விரிசல் ஓடும். அதனால் லாரிக் கூண்டை யூ போல்ட்டால் சேசிஸோடு இறுக்கிப் பிடிப்பது வழக்கம். ராக் ஸ்லைடர் செய்வோருக்கும் இதே விதி பொருந்தும்.

கூண்டு கட்டும் தொழில் பின்னர் விதிகளுக்குள் வந்தது. பேருந்துக் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரிக் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தரக்குறிப்புகள் உள்ளன. ஆகவே பட்டறையில் செய்யப்படும் பேருந்துக் கூண்டுக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. பட்டறையில் செய்யப்படும் ராக் ஸ்லைடருக்கு அப்படியொரு தனித் தரக்குறிப்பு இல்லை. பின்னால் வந்த சட்டச் சிக்கலுக்கு இதுவே வேர்.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி

தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. அது அமைத்த தொழிற்பூங்காக்களில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகியவை சென்னைக்குத் தென்மேற்கே அடுத்தடுத்து உள்ளன. 1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து 1998-இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் கூட்டு ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இல் திறக்கப்பட்டது. ராயல் என்ஃபீல்டு 2013-இல் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. அப்போலோ டயர் ஆலையும் ஒரகடத்தில் உள்ளது.

ராக் ஸ்லைடர் நோக்கில் இந்தப் பகுதியில் ஒரு முரண் உண்டு. இங்கு உருவாகும் பயணிகள் கார்களில் பெரும்பாலானவை தனிச் சேசிஸ் இல்லாதவை. ஹூண்டாய் கிரெட்டா, ரெனோ டஸ்டர் போன்றவற்றில் உடல் கூடே எடையைத் தாங்குகிறது. இவ்வமைப்பை மோனோகாக் என்பர். இவற்றில் அடிவிளிம்பே வண்டியின் எலும்பு. அதற்குக் கீழே ராக் ஸ்லைடரைத் தாங்கக்கூடிய தனி உத்திரம் இல்லை. ஏணி வடிவச் சேசிஸ் கொண்டு ஒரகடத்தில் உருவாவது பெரும்பாலும் லாரியே. ஏணிச் சேசிஸ் கொண்ட ஃபோர்டு எண்டெவர், அருகிலுள்ள மறைமலை நகரில் செய்யப்பட்டு வந்தது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்ததோடு அதுவும் முடிவுக்கு வந்தது.

ஆனால் ராக் ஸ்லைடர் செய்யத் தேவையான பொருளும் திறமையும் இவ்வட்டாரத்தில் நிறைந்துள்ளன. ஆவடியில் 1955-இல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வாகனங்களுக்கான துல்லியக் குழாய்களைச் செய்கிறது. பற்றவைப்புப் பொருள்கள் செய்யும் ஈசாப் இந்தியா நிறுவனத்துக்கு அம்பத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலைகள் உண்டு. ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவில் பயின்ற இளைஞர்கள் இப்பகுதி ஆலைகளுக்கும் உதிரிப்பாகத் தொழிற்கூடங்களுக்கும் வேலைக்கு வருகின்றனர். சாலையோரக் கிரில் பட்டறைகள் கேட், படிக்கட்டு, கூரைச் சட்டம் ஆகியவற்றைச் செய்து தருகின்றன. திருச்சிராப்பள்ளி பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975-இல் தொடங்கிய பற்றவைப்பு ஆய்வு நிறுவனம், இத்துறைக்கு மாநிலத்திலேயே உயர்நிலைப் பயிற்சி கிடைக்க வழி செய்தது.

குழாயைத் தேர்தல்

தமிழில் பைப் என்றாலும் டியூப் என்றாலும் குழாயே. ஆனால் வணிகத்தில் இரண்டும் வேறு. தண்ணீர், வாயு செல்வதற்கான பைப் ஐ.எஸ். 1239 தரத்தில் வருகிறது. அதை உள்விட்டத்தை ஒட்டிய பெயரளவால் அழைப்பர். ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் உண்மையில் 48.3 மி.மீ. ஆகும். சுவரின் கனத்தைப் பொறுத்து ஏ, பி, சி என வகுப்புகள் உண்டு. சி வகுப்பில் இந்த அளவுக்குச் சுவர் 4 மி.மீ. கனம் இருக்கும். டியூபோ வெளிவிட்டத்தால் அளக்கப்படுகிறது. வாகனங்களுக்கான டியூபுக்கு ஐ.எஸ். 3074 என்ற தனித் தரம் உள்ளது. பற்றவைத்தபின் குளிர்நிலையில் இழுத்துச் செம்மை செய்யப்படும் குழாய் கூடுதல் வலுவும் சீரான சுவரும் கொண்டது. விலையும் கூடுதல்.

எடையும் கணக்கில் சேரும். 48.3 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் கொண்ட குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 4.37 கிலோ. பக்கத்துக்கு 1.6 மீட்டர் நீளத்தில் இரண்டு குழாய் வைத்தால், இரு பக்கத்துக்கும் சேர்த்துக் குழாய் மட்டுமே 28 கிலோ ஆகிறது. கால்களும் தகடுகளும் அதற்கு மேல். கனமான குழாயே நல்லது என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போனால் வண்டியின் சுமைதிறன் குறையும், ஸ்பிரிங் தாழும், காப்பாற்ற நினைத்த அடிப்பகுதியே தரைக்கு நெருங்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் எளிதில் கிடைக்கிறது என்பதால் பலரும் அதை எடுப்பதுண்டு. பற்றவைக்கும்போது அந்தப் பூச்சு வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். எனவே பூச்சில்லாத கருங்குழாயை எடுப்பதே முறை. பூசிய குழாய்தான் இருக்கிறது என்றால் இணைப்பு இடங்களில் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு வேலை செய்ய வேண்டும்.

செய்யும் முறை

ராக் ஸ்லைடரில் மூன்று உறுப்புகள் உண்டு. அடிவிளிம்பை ஒட்டி ஓடும் முதன்மைக் குழாய், அதற்கு வெளியே ஓடும் துணைக் குழாய், இரண்டையும் சேசிஸோடு இணைக்கும் மூன்று அல்லது நான்கு கால்கள். துணைக் குழாய் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் பாறை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், உடலில் ஏறாது. முன்முனையும் பின்முனையும் உள்நோக்கி வளைந்திருந்தால் கல்லிலும் வேரிலும் கொக்கிபோல் மாட்டாது. வளைக்கும் எந்திரம் இல்லாத பட்டறைகளில் குழாயினுள் உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, சூடேற்றி வளைப்பது பழைய முறை. மணல் இருப்பதால் குழாயின் உட்சுவர் மடங்குவதில்லை.

ஏணிச் சேசிஸ் வண்டியில் உடல் கூடு ரப்பர் புஷ்களின் மேல் அமர்ந்திருக்கும். வண்டி முறுக்கும்போது சேசிஸும் உடலும் ஒன்றுக்கொன்று சிறிது அசையும். அதனால் ராக் ஸ்லைடரைச் சேசிஸில் மட்டுமே பிணைத்து, அடிவிளிம்புக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி விட வேண்டும். இரண்டிலும் பிணைத்தால் அந்த அசைவு தகட்டைக் கிழிக்கும்.

காலை நேரடியாகச் சேசிஸில் பற்றவைத்தால் முழு அடியும் ஒரு சிறு வளையத்தில் குவியும். அதற்காக நடுவில் ஒரு கனமான தகட்டை வைப்பர். மூலைகள் உருண்ட தகடு விசையைப் பரப்புகிறது. சேசிஸைக் குறுக்கே ஒரே கோடாகச் சுற்றிப் பற்றவைத்தால் வெப்பம் பட்ட அந்தக் கோடு பலவீனமாகி, நாளடைவில் அங்கேயே விரிசல் விடும். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்திப் போல்ட்டு போடுவது பாதுகாப்பானது, கழற்றவும் கூடியது.

பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இன்றைய வண்டிகளில் எஞ்சின், பிரேக், காற்றுப்பை ஆகியவற்றுக்கெல்லாம் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. வெல்டிங் மின்னோட்டம் அவற்றைக் கெடுத்துவிடக்கூடும். எர்த் கவ்வியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், கம்பித் தொகுதி ஆகியவை பல வண்டிகளில் சேசிஸின் உட்பக்கமாகவே ஓடுகின்றன. அவற்றைப் பார்க்காமல் பற்றவைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முதலில் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக டேக் அடித்து நிறுத்தி, கதவுகள் திறந்து மூடுகின்றனவா என்று பார்த்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முழுப் பற்றவைப்பு செய்தால் சட்டம் கோணாது. முடிந்தபின் ஜாக்கியை ஸ்லைடரின் கீழ் வைத்து வண்டியை மெல்ல உயர்த்திப் பார்ப்பது எளிய சோதனை. வண்டி எழும்போது குழாய் வளைந்தாலோ இணைப்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ அது பாறைக்கு உதவாது.

சட்டத்தின் பார்வை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இப்பிரிவை உறுதியாக வலியுறுத்தி, உயர் நீதிமன்றத்தின் மாறான தீர்ப்பை நீக்கியது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதற்கு முன்பே, 2017 டிசம்பரில், வண்டியின் முன்னே பொருத்தப்படும் புல் பார், கிராஷ் கார்டு ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. முன்பக்க இரும்பு, மோதலில் நசுங்கி அதிர்ச்சியை உறிஞ்ச வேண்டிய பகுதியை நசுங்கவிடாமல் தடுக்கிறது. காற்றுப்பை விரியும் தருணத்தையும் அது பாதிக்கக்கூடும். நடந்து செல்வோருக்கும் இருசக்கர வண்டியில் செல்வோருக்கும் அது கொடிய ஆபத்து.

ராக் ஸ்லைடர் என்ற சொல் 52-ஆம் பிரிவில் இல்லை. இருப்பினும் உற்பத்தியாளர் தராத இரும்பைச் சேசிஸில் பற்றவைப்பது சோதனையிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் கேள்விக்கு உள்ளாகும். இந்தியாவில் 2021 முதல் ரஞ்சன்கானில் கோக்கப்படும் ராங்லர் ரூபிகானில் ஆலையே வைத்த காப்பு உண்டு. ஒரே வேலையைச் செய்யும் இரு இரும்புகளில் ஒன்று அங்கீகாரம் பெற்றது, மற்றொன்று பெறாதது. பட்டறைக்காரருக்கு இது குறையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆலை வைக்கும் இரும்பு அந்த வண்டியின் அங்கீகாரச் சோதனைகளுக்கு உட்பட்ட வடிவமைப்பின் பகுதியாக வருகிறது. கொட்டகையில் செய்ததை அவ்வாறு சோதிக்க யாரும் இல்லை.

யாரைக் காக்கும் இரும்பு

பக்கவாட்டு மோதல் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 099 தரம் 2017 அக்டோபர் முதல் புதிய கார் வகைகளுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. பக்கத்தில் வண்டி மோதும்போது அடிவிளிம்பும் நடுத்தூணும் சேர்ந்து பயணியைக் காக்கின்றன. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆய்வு மையத்தில் இத்தகைய மோதல் ஆய்வுக்கான வசதியும் உண்டு. அடிவிளிம்பில் துளையிட்டோ பற்றவைத்தோ ஒரு சட்டத்தை மாட்டுபவர், சோதனையில் தேறிய அந்தப் பகுதியின் நடத்தையை அறியாமலே மாற்றுகிறார். குறிப்பாக மோனோகாக் கார்களில் இது பெரும் தவறு.

இதே தொழிற்பகுதிச் சாலைகளில் மற்றொரு பக்க இரும்பையும் காணலாம். லாரிகளின் இரு சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாக ஓடும் பக்கத் தடுப்பு அது. அதற்கு ஐ.எஸ். 14682 என்ற தரம் உள்ளது. இடம் ஏறக்குறைய ராக் ஸ்லைடரின் இடமே. நோக்கம் வேறு. மிதிவண்டியிலோ இருசக்கர வண்டியிலோ செல்பவர் லாரியின் ஓரத்தில் விழுந்தால் பின்சக்கரத்தின் கீழ் போய்விடாமல் அது தடுக்கிறது. ராக் ஸ்லைடர் வண்டியைப் பாறையிலிருந்து காக்கிறது, பக்கத் தடுப்பு மனிதரை வண்டியிலிருந்து காக்கிறது. வேலை முறை மாறும் நேரத்தில் ஆலைப் பேருந்தும் லாரியும் இருசக்கர வண்டியும் ஒன்றாக நெரியும் இப்பகுதிச் சாலையில், வண்டியின் அகலத்துக்கு வெளியே துருத்தும் எந்தக் குழாயும் அருகே செல்பவரின் முழங்காலுக்கு நேராக நிற்கும். ஆகவே பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் ராக் ஸ்லைடர் உடலின் அகலத்தைத் தாண்டக்கூடாது என்பதும், முனைகள் மூடி உருட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அழகுக்காகச் சொல்லப்படுபவை அல்ல.

இன்றைய நிலை

ஏணிச் சேசிஸ் கொண்ட வண்டிகள் இன்றும் விற்பனையில் உள்ளன. அவற்றுக்குப் போல்ட்டு மூலம் பொருத்தும் ஸ்லைடர்கள் சந்தையில் கிடைக்கின்றன. தாமே செய்வோரும் உள்ளனர். பொதுச் சாலைக்கு வராமல், தனி நிலத்தில் நடக்கும் போட்டிகளுக்கு மட்டும் இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் ஜீப்புகளில் இவ்வேலை பெருமளவு தொடர்கிறது. மின்கார்களில் தளத்துக்குக் கீழே பேட்டரி இருப்பதால், அடிவிளிம்பை வலுப்படுத்தும் பொறுப்பு மேலும் மேலும் உற்பத்தியாளரிடமே செல்கிறது.

கைத்தொழிலின் பார்வையில் இச்சிறு சட்டம் ஒரு நல்ல பாடம். குழாயின் தரம், விசை செல்லும் வழி, வெப்பத்தால் இரும்பு கோணும் விதம், சேசிஸுக்கும் உடலுக்கும் உள்ள உறவு ஆகிய அனைத்தையும் அறிந்தால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். கூண்டு கட்டும் தொழிலுக்குத் தரக்குறிப்பு வந்தபின் கரூரும் நாமக்கல்லும் அந்த விதிகளுக்குள் தொழிலைத் தொடர்கின்றன. பக்கக் காப்புக்கும் அத்தகைய ஒரு தரக்குறிப்பு வந்தால், பட்டறைத் திறமை சட்டத்துக்கு வெளியே ஒளிந்து நிற்க வேண்டியிராது. அதுவரை ஒவ்வொரு உரிமையாளரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிந்த பின்னரே வெல்டரிடம் செல்வது முறையாகும்.